ஆண்டறிக்கை 2024–25: தொடங்கிய சிகிச்சை பாதியில் நிற்கக் கூடாது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வேடசந்தூர், நத்தம், வடமதுரை, ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து வந்திருக்கும் தாய்மார்களே, அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம். 2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்தவர்களுக்குக் கூட்டத் தொடக்கத்தில் அஞ்சலி செலுத்தினோம். அவர்கள் வீட்டார் சிலர் துக்கம் ஆறுவதற்குள்ளேயே சங்க வேலைக்கு வந்து நின்றார்கள். அவர்களுக்குச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பகுதி ஒரே காரியத்துக்குத்தான் போனது. புற்றுநோய்ச் சிகிச்சையை ஆரம்பித்த யாரும் பாதியில் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது. போன பொதுக்குழு எடுத்த முடிவும் இதுதான்.

நம்மிடம் வருகிறவர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுள்ள பெண்கள் அதிகம். நோய் கொஞ்சம் முற்றித் தெரியவந்தால் பெரும்பாலும் ஆபரேஷன் கிடையாது. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்து வாரம் வரை கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைப்பார்கள். கூடவே வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து ஏற்றுவார்கள். அப்புறம் கர்ப்பப்பைக்குள் கருவி வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சு. எல்லாம் சேர்ந்து எட்டு வாரத்துக்குள் முடிந்தாக வேண்டும். நாள் இழுத்தால் மிச்சமிருக்கும் புற்றணுக்கள் மறுபடி பெருகத் தொடங்கிவிடும். அதுவரை பட்ட கஷ்டத்தின் பலனும் குறைந்துபோகும். இந்த எட்டு வாரக் கணக்கை நம் உறுப்பினர் ஒவ்வொருவரும் வீட்டாருக்கு எடுத்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

பலரும் மூன்றாவது வாரத்தில்தான் தளர்ந்துபோகிறார்கள். அதுவரை தைரியமாக இருந்தவருக்கு வயிற்றுப்போக்கு வரும், சிறுநீர் போகும்போது எரியும், எழுந்து நிற்கவே முடியாத அசதி இருக்கும். வீட்டிலோ கையிருப்பு கரைந்திருக்கும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைப்பதால் சிகிச்சைச் செலவு பெரிதாகக் கடிப்பதில்லை. ஆனால் ஊரிலிருந்து திண்டுக்கல் வரை டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாவிட்டாலும், அங்கிருந்து சிகிச்சைக்காக மதுரை ஆரப்பாளையம் போகும் பஸ்ஸில் டிக்கெட் எடுத்தாக வேண்டும். துணைக்குப் போகும் மகளுக்கு மில்லில் சம்பளம் போகும். இரண்டு பேருக்கும் சாப்பாடு, டீ. இதை எந்தக் காப்பீட்டு அட்டையும் கொடுக்காது. நம் சங்கத்தின் பணம் இந்த ஆண்டு போனதும் இந்தச் செலவுக்குத்தான். இதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியவில்லை.

பஸ் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. இடுப்புப் பகுதிக்குக் கரண்ட் வைக்கும்போது சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். நிறைந்திருந்தால் குடல் மேலே ஒதுங்கி, அதன்மேல் கதிர் படுவது குறையும். அதனால் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்காரச் சொல்வார்கள். வழியில் கழிப்பறை கிடைக்காதே என்று பயந்து, காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து சேர்கிறவர்கள் நம் கிராமத்துப் பெண்கள். அங்கே போய் அவசரமாகக் குடித்தாலும் உடனே நிறையாது; முறை தள்ளிப்போகும்; திரும்பும் பஸ்ஸும் போய்விடும். துணைக்குப் போகும் நம் சகோதரிகள் இப்போது வாசலிலேயே தண்ணீர் பாட்டிலை நீட்டிவிடுகிறார்கள். சின்ன வேலைதான். அதில்தான் அன்றைய சிகிச்சையே நிற்கிறது.

தீபாவளிச் சமயம் சின்னாளபட்டிப் பக்கத்து அம்மா ஒருவர் நாலாவது வாரச் சிகிச்சையில் இருந்தார். அதிகாலையில் மருமகள் நல்லெண்ணெய் காய்ச்சி, சீயக்காய் கரைத்து வைத்துவிட்டாள். அவர் இடுப்பில் மையால் போட்ட கோடுகள் இருந்தன. கதிர் எங்கே படவேண்டும் என்று பார்ப்பது அந்தக் கோடுகளை வைத்துத்தான். எண்ணெயும் சீயக்காயும் பட்டால் அவை அழிந்துவிடும், கறுத்து உரியத் தொடங்கியிருந்த தோலும் புண்ணாகும். முந்தின நாளே நம் உறுப்பினர் ஒருவர் அந்த வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்திருந்தார். அதனால் தலைக்கு மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் வைத்துப் புதுப்புடவை கட்டிக்கொண்டார் அந்த அம்மா. பண்டிகை முடிந்ததும் மறுபடி சிகிச்சைக்குப் போனார், முழுசாக முடித்தார். இன்று இங்கே வந்திருக்கிறார்.

ரத்தம் கொடுத்த இளைஞர்களைச் சொல்லாமல் விட முடியாது. ரத்தப்போக்கால் ஹீமோகுளோபின் இறங்கிப்போனவர்களுக்கு ரத்தம் ஏற்றித்தான் சிகிச்சையைத் தொடர முடிகிறது. ராத்திரி போன் செய்தால் காலையில் மதுரையில் நிற்கும் பிள்ளைகள் நமக்கு இருக்கிறார்கள். எல்லோருக்கும் நன்றி.

அடுத்து, வருமுன் பார்ப்பது. இதில் நம் மாவட்டத்துக்கு உலகம் அறிந்த பெருமை ஒன்று உண்டு. நம்மூர்க்காரர்களுக்குத்தான் அது தெரியவில்லை. 2000ஆம் ஆண்டிலிருந்து திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில், 30 முதல் 59 வயதுப் பெண்களிடையே பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. அம்பிளிக்கை கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமுதாய நல மையமும், பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும் அதில் பங்கெடுத்தன. பயிற்சி பெற்ற நர்ஸ்கள் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவுவார்கள். வினிகரில் இருப்பதும் அதுதான். ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால் மாற்றம் உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். சிறிய மாற்றம் என்றால் உறைய வைத்து அழிக்கும் கிரையோ சிகிச்சையையும் அவர்களே செய்தார்கள். 2007இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வெளியானது. பரிசோதனை நடந்த கிராமங்களில் புதிதாக இந்தப் புற்று வருவது 25 சதவீதமும், இதனால் ஏற்படும் இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தன. பெரிய மெஷின் கிடையாது, லேப் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பது கிடையாது. நம் அம்மாக்களும் சித்திகளும் வந்து படுத்துக் காட்டியதால் கிடைத்த அறிவு அது. வசதி குறைந்த நாடுகளில் இந்தப் பரிசோதனையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் திண்டுக்கல் பெயர் வருகிறது.

அப்படிப்பட்ட மாவட்டத்தில் இன்றும் வெள்ளைப்படுதலையும், மாதவிடாய் நின்ற பிறகு வரும் ரத்தத்தையும் ஒரு வருஷம் மறைத்துவைத்துவிட்டு வருகிறார்கள் என்பதுதான் என் வருத்தம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனை இலவசம். போவதற்குத்தான் தயக்கம். மில் வேலைக்குப் போகிறவர்களுக்காக இந்த ஆண்டு விழிப்புணர்வுக் கூட்டங்களை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினோம். மேடைப் பேச்சை நிறுத்திவிட்டு, சிகிச்சை முடித்து வந்தவர்களையே பேச வைத்தோம். டாக்டர் ஒரு மணி நேரம் சொன்னால் தலையாட்டுகிறவர்கள், பக்கத்துத் தெரு அக்கா ஐந்து நிமிடம் பேசினால் மறுநாளே பரிசோதனைக்குக் கிளம்புகிறார்கள். வரும் ஆண்டும் இதே முறைதான்.

தடுப்பூசியைப் பற்றியும் எல்லாக் கூட்டத்திலும் கேட்கிறார்கள். இந்தப் புற்றுக்குக் காரணம் எச்பிவி வைரஸ். நோய் வந்தவர்களில் பத்தில் ஏழு பேருக்கு அதன் 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே காரணம். ஊசி இவ்விரண்டையும் தடுக்கும். சின்ன வயதில், 9 முதல் 14க்குள் போடுவது நல்லது. புனே சீரம் நிறுவனத்தின் செர்வாவாக் தடுப்பூசி 2023இல் வெளிவந்தது. ஊசி போட்டாலும் 30 வயதுக்குப் பிறகு பரிசோதனை தேவை. வாய்ப்புற்று பற்றிப் பள்ளிகளில் பேசினோம். புகையிலையை வாயில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் பிள்ளைகளிடம் இருப்பதைக் கண்ணால் பார்த்தோம். இதற்குத் தனிக்குழு வேண்டும்.

மேல்சிகிச்சைக்குச் சிலர் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிறார்கள். சகோதரியைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கி, டாக்டர் சாந்தா கடைசிவரை அங்கேயே வாழ்ந்து வளர்த்த இடம். மருத்துவமனை தரும் சலுகைப் படிவம் இருந்தால் ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் நோயாளிக்குக் கட்டணமே இல்லை, துணைக்குப் போகிறவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. இது தெரியாமல் முழு டிக்கெட் எடுத்துப் போனவர்கள் பலர். வாராந்தரக் கூட்டத்தில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

இனி, குணப்படுத்த முடியாத நிலைக்கு வந்தவர்கள். என் மனதை அதிகம் அரித்தது இவர்களுடைய வலிதான். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில், பெரியவர் ஒருவர் ராத்திரியெல்லாம் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். வலி குறைய டாக்டர் எழுதிக்கொடுத்த மார்ஃபின் மாத்திரை பீரோவில் பத்திரமாக இருந்தது. பழகிப் போய்விடும் என்று யாரோ சொன்னதால் மகன் கொடுக்கவில்லை. அப்பாமேல் அவருக்குக் கொள்ளைப் பிரியம். பயம்தான் தடுத்தது. வலிக்காக டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் அடிமையாகிவிடுவார்கள் என்று அஞ்ச வேண்டியதில்லை என்பதை நம் நர்ஸ் சகோதரி பொறுமையாக விளக்கினார். நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை, வலி வரும்வரை காத்திருக்காமல் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் கட்டாயம் வரும், அதற்கான மருந்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்று நேரத்தை ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு வந்தார். இரண்டு நாளில் பெரியவர் படுத்துத் தூங்கினார். கடைசிவரை பேரப்பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருந்தார்.

1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மருத்துவமனைகளே மார்ஃபினை ஒதுக்கிய காலம் உண்டு. 2014இல் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கினார்கள். மருத்துவமனைகளின் தயக்கம் குறைந்தாலும் வீடுகளில் இருக்கும் பயம் போகவில்லை. அதைப் போக்குவது நம் வேலை. நோயாளியிடம் நோயின் பெயரையே மறைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. 'அம்மாகிட்ட சொல்லிடாதீங்க' என்று வாசலிலேயே கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். அந்தத் தவிப்பு புரிகிறது. ஆனால் அந்த அம்மாவுக்குப் பெரும்பாலும் ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. யாரிடமும் பேச முடியாமல் தனியாகச் சுமக்கிறார். வீட்டாரை வற்புறுத்த வேண்டாம், ஆனால் பேசிப் பார்க்காமல் திரும்ப வேண்டாம் என்பதே என் கருத்து.

சொந்தமாக வேன் வாங்கலாம் என்று சில உறுப்பினர்கள் எழுதியிருந்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் டிரைவர் சம்பளம், டீசல், இன்சூரன்ஸ் எல்லாம் போக, ஒரு வேன் ஒரு திசைக்குத்தான் போகும். அதற்குப் பதிலாக மதுரையில் மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடிக்கலாம் என்று செயற்குழு கருதுகிறது. மூன்றாவது வாரத்திலிருந்து நோயாளியும் துணையும் அங்கேயே தங்கிக்கொள்வார்கள். கஞ்சி, மோர், இட்லி என்று ஒத்துக்கொள்வதைச் சமைத்துக்கொள்ள அடுப்பு இருக்கும், படுக்க இடம் இருக்கும், நினைத்த நேரத்தில் போகக் கழிப்பறை இருக்கும். முன்பணத்துக்கு எவ்வளவு தேவை என்பதைப் பொருளாளர் கணக்கோடு சேர்த்துச் சொல்வார்.

வீடு பிடிப்பது பற்றிய இந்தத் தீர்மானத்தைச் சாப்பாட்டு இடைவேளைக்கு முன்பே எடுத்துக்கொள்ளுமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு, அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். நன்றி, வணக்கம்.

செயலாளர்