கங்காணி நல்லா இருக்கு தாயி

தாயி, அம்மாதான் எழுதுறேன். கோல் எடுத்தா ரெண்டு வார்த்தைல வச்சுர்ற, வொய்ஸ் அனுப்புனா கேக்குறியா இல்லயான்னே தெரியல, அதான் சின்னவன்கிட்ட போன வாங்கி ராத்திரி ஒக்காந்து தட்டிக்கிட்டு இருக்கேன். சாப்புடுறியா? ஓவர்டைம் முடிஞ்சு தனியா நடந்து வராத.

நம்ம பூனை கங்காணி நல்லா இருக்கு. அத சொல்லத்தான் எழுதுனேன். காலைல எங்களுக்கு முன்னாடி வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்கு போயி நிக்கிது, பேர் போட்டு முடிஞ்சதும் சின்னப் புள்ளைங்கள பாத்துக்குற புள்ளக்காம்பராவுக்கு போயிருது, அங்க ஆயாம்மா நெத்திலி தலை எடுத்து வச்சிருக்கும். தேயிலக் கொழுந்து நிறுக்குற நேரம் சரியா வந்து சாக்கு மேல படுத்துக்கும், கணக்கப்புள்ள தூக்கி கீழ விட்டுட்டுதான் நிறுப்பாரு. மேல் லயத்து வீடுகள்ல அதுக்கு பேரு குட்டி, பக்டரி வாச்சர் ஐயா சிங்களத்துல பூசின்னு கூப்புடுவாரு, எல்லா பேருக்கும் திரும்பிப் பாக்குது. மூணு கலர் பூனைன்னா அனேகமா பொட்டையாத்தான் இருக்கும்னு நீ அன்னிக்கே சொன்ன, அப்பா நம்பல, ஊசி போட வந்த மிருக டாக்டரும் அதையேதான் சொன்னாரு. எம்புள்ள படிச்ச புள்ளன்னு அங்க நின்ன எல்லார்கிட்டயும் சொன்னேன்.

பொங்கலுக்கு நீ வரல. ரயில் ரோடு ஒடஞ்சு கெடக்குன்ன. பஸ் ஓடுச்சே தாயி. சரி விடு. நேரத்துக்கு சாப்புடு.

நவம்பர்ல டித்வா புயலுக்கு எங்கள எல்லாம் ஸ்கூல்ல கொண்டு போய் வச்சிருந்தாங்கல்ல, அப்ப கங்காணிய யாரு தூக்கிட்டு வந்தாங்கன்னே இன்னும் தெரியல, மூணு வீட்டுக்காரங்க நாங்கதான்னு சொல்றாங்க. ராத்திரி வேற வேற பாயில போய் படுக்கும். நான் பாத்துக்கிட்டே இருந்தேன், யாரு அழுதுக்கிட்டு கெடக்காங்களோ அவங்க பக்கத்துலதான் போய் படுத்துச்சு. அப்ப எனக்கு தீபாவளி ராத்திரி ஞாபகம் வந்துச்சு.

நீ வாசல் திண்ணை இஸ்தோப்புல அத மடியில வச்சுக்கிட்டு, முந்தானைய வாயில அடைச்சுக்கிட்டு அழுதத நான் பாத்தேன். கதவு இடுக்குல நின்னு பாத்தேன். பாத்துட்டு திரும்ப வந்து தூங்குற மாதிரி படுத்துக்கிட்டேன். கேட்டா வேலைய விட்டுட்டு வந்துருவியோன்னு பயம். லோன் இருக்கு, அப்பா மருந்து இருக்கு, 2024ல நாட்சம்பளம் 1350 ஆச்சுன்னு சந்தோசப்பட்டோம், 18 கிலோ எடுக்காட்டி அரைப்பேரு, பாதிச் சம்பளந்தானே. அந்தக் கணக்க எல்லாம் படுத்துக்கிட்டே போட்டேன் தாயி. நீ வெளிய குளிர்ல அழுதுக்கிட்டு இருந்த, நான் உள்ள படுத்து ஒன் சம்பளத்த கணக்குப் போட்டேன். காலைல ரொட்டி சுட்டு பார்சல் கட்டிக் குடுத்து பஸ் ஏத்தி விட்டேன். என்னய மன்னிச்சுரு.

அங்க யாரும் ஏதாச்சும் சொல்றாங்களா, ஒடம்புக்கு ஏதும் சரியில்லயா, வேற ஏதுமா, எதுவா இருந்தாலும் சரி. வேல வேணாம்னா வந்துரு. லோன நான் பாத்துக்குவேன்.

மேல் மலைல சிறுத்தப்புலி எறங்கி நாய தூக்கிட்டுப் போனதுலருந்து கங்காணிய ஆறு மணிக்கே உள்ள போட்டு பூட்டிருறேன். இப்ப ஒன் பழைய சூட்கேஸ் மேலதான் படுத்துருக்கு. நாளைக்கு ராத்திரி கோல் பண்றேன், எடு. நீ ஒண்ணும் பேச வேணாம். போன அது வாய்கிட்ட வைக்கிறேன், கத்துறத கேளு.

அம்மா