பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

சுங்கை சிப்புட், மலேசியா,
வெள்ளிக்கிழமை இரவு

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் நலமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் சாப்பிட்டாயா என்கிறேன், நீ சாப்பிட்டேன் என்கிறாய், அதற்குள் அம்மா வாங்கிவிடுகிறாள். தம்பி ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்கு வருகிறான். அவனிடம் இதையும் அம்மா கட்டிய பையையும் கொடுத்து அனுப்புகிறேன். பையில் முறுக்கு இருக்கிறது. அடியில் இன்னொரு பொட்டலம் இருக்கிறது. அதை அம்மாதான் வைத்தாள். என்ன என்று கேட்டதற்கு, "உங்களுக்கு எதற்கு?" என்றாள். நொச்சி இலை வாசம் எனக்குத் தெரியாதா?

பியானோ நன்றாக இருக்கிறது. போன மாதம் முழுவதும் மழை. நடுவில் இரண்டு வெள்ளைக் கட்டைகள் அழுத்தினால் எழவே இல்லை. ஈப்போவிலிருந்து டியூனரை வரவழைத்தேன். அவர் கீழ்ப்பலகையைக் கழற்றி, ஈரம் போக்க உள்ளே வைத்திருக்கும் சூட்டுக் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. எலி வயரைக் கடித்திருக்கிறது. எத்தனை நாளாக அணைந்து கிடந்ததோ, நாம் தினமும் அதன் மேல் துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். மரமும் கம்பளியும் ஈரத்தைக் குடித்து ஊதிவிட்டன என்றார். காற்றில் ஈரம் நூற்றுக்கு 40 முதல் 60 வரை இருந்தால் பியானோவுக்குச் சுகமாம். நம் ஊரில் மழைக்காலத்தில் 80-ஐத் தாண்டி நிற்கிறது. புதுக் கம்பி மாட்டி, 200-க்கும் மேற்பட்ட தந்திகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சுருதி சேர்த்து முடிக்க மதியம் ஆகிவிட்டது. கறையான் இல்லை. டார்ச் அடித்து நானே மூலை மூலையாகப் பார்த்தேன். எவ்வளவு ஆனது என்று கேட்காதே.

ஆகவே பியானோ தயாராக இருக்கிறது. மூன்று சனிக்கிழமைகளாகத் தயாராகத்தான் இருக்கிறது.

நீ கிள்ளானிலிருந்து போனில் இங்குள்ள பிள்ளைகளுக்கு எடுக்கிற சனிக்கிழமைப் பாடத்துக்கு, "இந்த வாரம் வகுப்பு இல்லை அப்பா" என்று நீ செய்தி அனுப்புகிறாய். காரணம் எழுதுவதில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் பிள்ளைகள் வருகிறார்கள். மளிகைக் கடைக்காரரின் மகள் போன வாரமும் சரியாக ஒன்பது மணிக்குப் புத்தகப் பையோடு வாசலில் நின்றாள். திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. உட்கார்ந்து ஸ்கேல் வாசி என்றேன். இடது கை நான்காவது விரலில் தடுக்கியது. எனக்கே கேட்டது. உனக்குக் கேட்டால் என்ன சொல்வாயோ அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மெதுவாக வாசி என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு மூன்றாம் கிரேடு பரீட்சை இருக்கிறதே. கோவிட் வந்த 2020-இல் லண்டன் இசைத் தேர்வு வாரியம் ஏ.பி.ஆர்.எஸ்.எம். தொடங்கிய அந்த வீடியோ பரீட்சைதான். நான்கு உருப்படிகள், நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் பதிவு செய்ய வேண்டும் என்று நீதானே சொன்னாய். மூன்று தேறிவிட்டன, நான்காவது இன்னும் தள்ளாடுகிறது. பக்கவாட்டில் நின்று கையும் முகமும் தெரிகிற மாதிரி நான் பிடித்துவிடுவேன். காலையிலேயே எடுத்துவிட வேண்டும், மதியத்துக்கு மேல் செம்பனைக் குலை லாரிகள் ஓட ஆரம்பித்துவிடும். எப்போதானாலும் சரி, என்றைக்கு என்று நாள் மட்டும் சொல்.

சொக்சோ சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி போட்டாயா? போன தீபாவளிக்கே கேட்டேன், பார்க்கிறேன் அப்பா என்றாய். சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்காக 2017-இல் சட்டமே வந்துவிட்டது. டாக்சி ஓட்டுகிறவர்களிலிருந்து தொடங்கி, பிறகு மற்றத் தொழில்களுக்கும் விரித்தார்கள். இ.பி.எஃப். சேமநிதியிலும் ஐ-சாரான் என்று ஒரு திட்டம் இருக்கிறது, நீ போடுவதற்கு மேல் அரசாங்கமும் கொஞ்சம் போடும். உன் தாத்தா ரப்பர் பால் வெட்டிய சம்பளத்தில் பிடித்துக்கொடுத்துத்தான், தோட்டங்களை வாங்கத் துன் சம்பந்தன் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வாங்கினார். அன்று லயத்தில் சிரித்தவர்கள் எல்லாரும் பிறகு அவரிடம் வந்து விசாரித்தார்கள். உன் தொழில் அசந்து படுத்தால் ஒரு காசு வராத தொழில். கை நன்றாக இருக்கும்போதே போட்டு வைக்க வேண்டும். இன்றே மாப்பிள்ளையிடம் சொல், அவர் கம்ப்யூட்டரில் செய்துவிடுவார்.

உன்னைப் பற்றி நான் ஊரில் பேசாத நாள் இல்லை. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது நீ இந்தக் கூடத்தில்தான் மாட்டிக்கொண்டாய். கையில் நான்கே மாணவர்கள். இசைப் பள்ளியில் சம்பளம் நின்றுவிட்டது. மூன்றே நாளில் போனை வைத்துக்கொண்டு பாடம் தொடங்கிவிட்டாய். குழாய் வேலையில் மிஞ்சிய பைப்பை வளைத்து, மேலிருந்து கட்டைகளைப் பார்க்கும்படி போனை மாட்ட நான் ஒரு தாங்கி செய்து கொடுத்தேன். முதல் நாள் நீ மெல்ல வாசித்த இடமெல்லாம் அந்தப் பக்கம் கேட்கவே இல்லை. ஜூம் அதை இரைச்சல் என்று நினைத்து வடிகட்டிவிடுகிறது என்று கண்டுபிடித்து, 'ஒரிஜினல் சவுண்டு' என்பதைத் தட்டினாய். உடனே அந்தப் பக்கத்துப் பிள்ளை "டீச்சர், இப்போது பெடல்கூடக் கேட்கிறது" என்று கத்தியது எனக்குச் சமையலறையில் கேட்டது. சேர்ந்து வாசிக்க முடியாது என்பதையும் நீயே கண்டுகொண்டாய். இங்கே நீ 'ஒன்று' என்று எண்ணினால் அங்கே போய்ச் சேரத் தாமதம், அங்கிருந்து திரும்பி வர இன்னும் தாமதம். அதனால் நீ வாசித்து நிறுத்துவாய், அவர்கள் கேட்டு வாசிப்பார்கள். நேரில் வருகிற பிள்ளைக்கு மணிக்கட்டைத் தொட்டுத் தூக்கிக் காட்டலாம், திரையில் வருகிற பிள்ளைக்கு அதையும் சொல்லால் சொல்ல வேண்டும் என்று ஒருநாள் அம்மாவிடம் சொன்னாய். நான்கு பேர் இன்று முப்பத்தொன்று. மகாத்மா காந்தி கலாசாலையில் படித்த பெண், லயத்து வீட்டில் பிறந்தவள், லண்டன் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறாள் என்று கோப்பிக் கடையில் நான் சொல்லும்போது யாரும் குறுக்கே பேசுவதில்லை.

ஆனால் முப்பத்தொன்று அதிகம். கேட்டால் கோபப்படுவாய், இருந்தாலும் சொல்கிறேன். மதியம் இரண்டு மணிக்கு நேர் வகுப்பு தொடங்குகிறது. ஏழுக்குச் சின்னவனுக்குச் சோறு. எட்டுக்கு மறுபடி திரை. லண்டன் பிள்ளைகளுக்கு மாலை நான்கு மணி என்றால் உனக்கு இரவு பதினொன்று, அவர்கள் குளிர்காலத்தில் கடிகாரத்தைத் திருப்பினால் பன்னிரண்டு. தூக்கம் எப்போது? பெற்றோர் கடைசி நேரத்தில் வகுப்பை ரத்து செய்கிறார்கள், அதை ஞாயிற்றுக்கிழமை நீ ஈடுகட்டுகிறாய். ரத்து செய்தது அவர்கள், உடம்பைக் கொடுப்பது நீ. தவணைக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கு, ஒருநாள் முன்னதாகச் சொல்லாவிட்டால் ஈடு வகுப்பு இல்லை என்று எழுதிக் கொடு. சாந்தமாகவே சொல்லலாம். உனக்குச் சொல்ல வரவில்லை என்றால் நான் எழுதித் தருகிறேன். சொக்சோவையும் மறந்துவிடாதே.

பாப்பா, நான் சொல்ல வந்தது இது இல்லை.

நான் இருபத்திரண்டு வருடம் ரப்பர்த் தீம்பாரில் மண்டோர், பால் வெட்டுகிறவர்களை மேற்பார்வை பார்த்தவன். ஒரு ஆள் கத்தியைப் பிடிக்கிற விதத்தைப் பார்த்தே அன்றைக்கு அவருக்கு எங்கே வலி என்று சொல்லிவிடுவேன். சனிக்கிழமை வகுப்பில் நான் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பதாக நினைத்தாயா? கடைசியாக நடந்த ஐந்து வகுப்புகளில் வலது கைப் பாட்டை நீ இடது கையால் வாசித்துக் காட்டினாய். முதல் வாரம் தற்செயல் என்று விட்டேன். இரண்டாம் வாரம் வாயால் பாடிக் காட்டினாய். மூன்றாம் வாரம் தண்ணீர்ப் புட்டியை எடுத்தாய், மூடியை இடது கையால் திறக்க முடியாமல் முழங்காலில் இடுக்கித் திருகினாய். கடைசி வகுப்பில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாய். கிள்ளான் வெயிலில். கேமராவைச் சரிசெய்யக் கையை நீட்டியபோது கைமடிப்பு மேலேறியது, உள்ளே கறுப்புப் பட்டை தெரிந்தது. பார்த்ததும் நான் எழுந்து பைப்பைச் சரிசெய்கிற மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டேன். வலிக்கிறதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை என்று எனக்குத் தெரியும்.

2007-ஐ நீ மறந்திருக்க மாட்டாய். பியானோவில் எட்டாம் கிரேடு, அந்த வருடமே பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மும். பியானோ பரீட்சைக்கு மூன்று வாரம் முன்பு உன் வலது மணிக்கட்டு வீங்கியது. அம்மா உப்பு ஒத்தடம் கொடுத்தாள். உனக்கும் அம்மாவுக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. உன் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இந்தக் கையோடு வாசிக்க வைக்காதீர்கள், டாக்டரிடம் கடிதம் வாங்கிக் கொடுங்கள், அடுத்த முறை எழுதட்டும், இப்போது ஓய்வு கொடுக்காவிட்டால் இது திரும்பத் திரும்ப வரும் என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டணம் கட்டியாகிவிட்டது, அது என் அரை மாதச் சம்பளம். அதைவிட, ஊரில் எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். பெரியத்தை வீட்டில் சொல்லியிருந்தேன். என் மகள் வாசிக்கவில்லை என்று போய்ச் சொல்ல எனக்கு முடியவில்லை.

சின்ன மாமாவின் வேனில் ஈப்போவுக்குப் போனோம். படிக்கட்டில் வைத்து உன் கைக்கட்டை நான்தான் அவிழ்த்தேன், பரீட்சகர் பார்த்தால் மார்க் குறைப்பாரோ என்று. தோலில் துணியின் வரி பதிந்திருந்தது. "வலிக்கிறது அப்பா" என்றாய். "அரை மணி நேரம்தானே, பொறுத்துக்கொள்" என்றேன். நீ உள்ளே போனாய். வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. 150-க்கு 121 வந்தது. மெரிட் என்கிற சிறப்புத் தேர்ச்சிக்கு 120 போதும். அந்தச் சான்றிதழை நான் கண்ணாடி போட்டு மாட்டினேன். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அந்த 121-ஐக் காட்டினேன்.

அன்றிலிருந்து இன்று வரை 'வலிக்கிறது' என்ற சொல்லை என்னிடம் நீ சொன்னதே இல்லை. சின்னவன் பிறந்தபோதும் அம்மாவிடம்தான் சொன்னாய். உன் சுபாவம் அப்படி, தைரியசாலி என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கறுப்புப் பட்டையைப் பார்த்த பிறகுதான் புரிந்தது, உன்னை அப்படி ஆக்கியது நான். ரப்பர் மரத்துக்கே ஒருநாள் வெட்டினால் மறுநாள் விட்டுவிடுவோம். பட்டைக்கு அடியில் காயம் படுகிற மாதிரி வெட்டியவர்களை நான் மர நிரையிலேயே நிற்க வைத்துத் திட்டியிருக்கிறேன். பாட்டியின் கை கடைசியில் எப்படி இருந்தது என்று நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன். எல்லாம் தெரிந்தவன்தான் அந்தப் படிக்கட்டில் உன் கட்டை அவிழ்த்தான்.

அம்மாவிடம் நேற்று இரவு சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து போய்த்தான் அந்தப் பொட்டலத்தைக் கட்டினாள்.

கை நிபுணரிடம் போ, வெறும் வலி மாத்திரையோடு நிறுத்தாதே. என்ன வேலை செய்கிறாய், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல். பணம் வேண்டும் என்றால் என்னிடம் இருக்கிறது, தம்பியிடம் கொடுத்திருக்கிறேன், அவனோடு வாக்குவாதம் செய்யாதே. இங்கே உள்ள இரண்டு பிள்ளைகளின் வீட்டிலும் நான் பேசிவிட்டேன், டீச்சருக்கு ஓய்வு வேண்டும், பரீட்சையை அடுத்த தவணைக்குத் தள்ளிக்கொள்ளலாம் என்று. மளிகைக் கடைக்காரர் உடனே சரி என்றார். சொல்வது அவ்வளவு சுலபமாக இருந்தது, பாப்பா. அவர் தேங்காய் எடை போட்டுக்கொண்டே, "அதற்கென்ன, கை முக்கியம்" என்றார்.

நாளை இல்லை, அதற்கு அடுத்த சனிக்கிழமை ஒன்பது மணிக்கு எப்போதும் போலப் போனைப் பைப்பில் மாட்டி வைத்திருப்பேன். பிள்ளைகளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பாடம் எடுக்க வேண்டாம், வாசித்துக் காட்ட வேண்டாம். அந்தப் பட்டையைக் கழற்றிவிட்டு வலது கையைக் கேமராவுக்கு நேராக வை. எந்த இடம் என்று விரலால் தொட்டுக் காட்டு. நான் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா

நொச்சி இலையை வெந்நீரில் போட்டு ஆவி வரும்போது காட்ட வேண்டும் என்று அம்மா சொல்லச் சொல்கிறாள். சூடு அதிகம் வேண்டாமாம்.