ராத்திரி மூன்று முறை எழுவது பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

நீ ராத்திரி மூன்று முறை சிறுநீர் போக எழுவதைப் பற்றிப் போனில் முழுதாகப் பேச முடியவில்லை, மருமகள் பக்கத்தில் இருந்தாள்; அதனால் எழுதுகிறேன்.

ஐம்பதை நெருங்கும்போது புராஸ்டேட், அதாவது ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி, பெருப்பது நரை விழுவதைப் போலத்தான். எந்தச் சாப்பாடும் அதைச் சுருக்காது. ஆனால் ராத்திரி எழுவதற்கெல்லாம் அதுதான் காரணம் என்று நீயாக முடிவு கட்டாதே. முதலில் அளந்து பார்.

மில்லி கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்று வாங்கிக்கொள். மூன்று நாள், எத்தனை மணிக்கு எவ்வளவு போனது என்று எழுது. விடிந்து எழுந்ததும் போகும் முதல் சிறுநீரும் இரவுக் கணக்குதான்; பலரும் அதைப் பகலில் சேர்த்துக் கணக்கைக் கெடுத்துவிடுவார்கள். நாள் முழுவதும் 1,500 மில்லி போய், அதில் இரவுப் பங்கு 600 என்றால் 40 சதவீதம். உன் வயதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலே ராத்திரியில் சிறுநீர் அதிகமாக ஊறுகிறது என்று அர்த்தம். அப்போது பார்க்க வேண்டியவை உப்பு, சர்க்கரை, கால் வீக்கம், குறட்டை. பகலெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தால் காலில் தேங்கும் நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராகிறது. சாயங்காலம் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்துக்கொள். ராத்திரிச் சாப்பாட்டில் ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம். ரசம், மோர், கஞ்சி, தர்பூசணி எல்லாமே தண்ணீர்க் கணக்கில் சேரும்.

ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகிறது, சொட்டுகிறது என்றால் அது வேறு கதை, காரணம் அந்தச் சுரப்பி அல்லது சிறுநீர்ப்பை. டீ, காபியை மாலை நாலு மணியோடு நிறுத்து. படுக்க இரண்டு மணி நேரம் முன்பிருந்து தண்ணீர் குடிக்காதே. அதற்காகப் பகலில் தாகத்தோடு இருக்காதே. சிறுநீர் கெட்டியானால் பை எரிந்து இன்னும் அவசரப்படுத்தும். உட்கார்ந்து போ, முடிந்தபின் ஒரு நிமிடம் பொறுத்து, முன்னால் குனிந்து மறுபடி போ. முக்காதே. மலச்சிக்கலும் கூடாது, நிறைந்த குடல் பையை அழுத்தும்.

சளி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்காதே. அதில் இருக்கும் ஃபினைல்எஃப்ரின் என்ற மருந்து பையின் வாயை இறுக்கும், குளோர்பெனிரமின் பையின் பலத்தைக் குறைக்கும். இரண்டும் ஒரே மாத்திரையில் இருப்பதுண்டு. சிலருக்கு அன்றிரவே சிறுநீர் அடியோடு அடைத்துக்கொள்ளும். அப்படி ஆனால், அல்லது சிறுநீரில் ரத்தம் வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ.

மருமகள் ஆன்லைனில் வாங்கிய மாத்திரையில் வைட்டமின் ஈ இருந்தால் தூக்கிப் போடு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 35,000 ஆண்களுக்கு மேல் கலந்துகொண்ட செலக்ட் ஆய்வில், தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது என்று 2011-ல் அறிவித்தார்கள். அதே ஆய்வில் செலினியம் என்ற தாதுச் சத்தாலும் பலனில்லை. சா பால்மெட்டோ என்ற பனை வகைப் பழச் சாறும் மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை. தக்காளியை எண்ணெயில் வதக்கித் தொக்காகச் சாப்பிடு, அதன் சிவப்பு நிறச் சத்தான லைகோபீன் அப்படித்தான் உடம்பில் நன்றாகச் சேரும். அதையும் மருந்தாக நினைக்காதே. தினம் அரை மணி நடந்து வயிற்றைக் குறைப்பதில்தான் நிஜமான பலன்.

புராஸ்டேட்டுக்கான பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் பேசு. எடுப்பதானால் இரண்டு நாள் முன்பிருந்து சைக்கிள், தாம்பத்தியம் இரண்டும் வேண்டாம். சிறுநீர்த் தொற்று இருந்தால் ஆறு வாரமாவது தள்ளிப் போடு. முடி கொட்டுகிறதென்று ஃபினாஸ்டரைடு சாப்பிடுகிறாய் என்றால் அதை மறைக்காமல் சொல்; சில மாதம் சாப்பிட்டாலே அது பி.எஸ்.ஏ. அளவை ஏறக்குறையப் பாதியாக்கிக் காட்டும்.

மூன்று நாள் கணக்கு முடிந்ததும் தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு.

அப்பா