ஊசிகள் எங்கிருந்து வந்தன

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தை நேற்றிரவு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒற்றைப் படிக நிக்கல் கலவை, 1050 டிகிரி செல்சியஸ், 1000 மணி நேரம். நடுவில் பளிச்சென்று வெள்ளை ஊசிகள். "பகுப்பாய்வுத் தாளில் எல்லாத் தனிமங்களும் வரம்புக்குள்தான் இருக்கின்றன அக்கா, பிறகு இவை எங்கிருந்து வந்தன?" என்று கேட்டிருந்தாய். உன் வயதில் நானும் இதே கேள்வியோடு அலைந்தேன். பகுப்பாய்வில்தான் பிழை என்று முடிவு கட்டி, மூன்று மாதங்களை மறுசோதனைக்கே செலவிட்டேன். தாளில் பிழையே இல்லை. நான் பார்த்த எண்தான் தவறானது.

அந்தத் தாள் சொல்வது மொத்தக் கலவையை. ஊசிகள் பிறப்பதோ மொத்தத்திலிருந்து அல்ல, மிச்சத்திலிருந்து.

உன் படத்தில் வரிசை வரிசையாகத் தெரியும் சதுரங்களைப் பார். அவைதான் காமா பிரைம். ஏறத்தாழ அரை மைக்ரான் அகலக் கனசதுரங்கள். மூலைகளில் அலுமினியமும் முகங்களின் நடுவில் நிக்கலும் இடம் மாறாமல் அமர்ந்த படிகம். 700, 800 டிகிரி வரை சூடு ஏற ஏற இதன் வலிமை கூடுகிறது. பெரும்பாலான உலோகங்கள் சூடாக்கினால் இளகும், இது இறுகுகிறது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் எனக்கு இதில் வியப்புத் தீரவில்லை. அதனால்தான் டர்பைன் பிளேடுக்கான கலவைகளில் காமா பிரைமை 70% வரை கூட்டினார்கள். சதுரங்களுக்கு இடையே ஓடும் மெல்லிய சுவர்தான் காமா, மற்றத் தனிமங்களைக் கரைத்து வைத்திருக்கும் நிக்கல்.

இப்போது கணக்குக்கு வருவோம். கனசதுரங்கள் கலவையிலிருந்து பிரிந்து உருவாகும்போது அலுமினியம், டைட்டானியம், டான்டலம் ஆகியவற்றை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. டங்ஸ்டன் இரண்டு பக்கமும் போகும். குரோமியம், கோபால்ட், மாலிப்டினம் ஆகியவை பெரும்பாலும் வெளியே, அந்தச் சுவரில் தங்கிவிடும். ரீனியம் கிட்டத்தட்ட முழுவதுமே அங்குதான். தாளில் ரீனியம் 3% என்று இருக்கும். அது மொத்தமும் 30% இடத்தில் நெருங்கினால் சுவரில் 10%. எடைக்கும் பருமனுக்கும் உள்ள சிறு வித்தியாசத்தை இப்போதைக்கு விட்டுவிடு. உன் 1050 டிகிரியில் காமா பிரைமில் ஒரு பகுதி திரும்பக் கரைந்துவிடும்; மீதி பாதிதான் என்று வைத்துக்கொண்டாலும் சுவரில் 6% நிற்கிறது. அந்தக் காமாவால் அவ்வளவையும் கரைத்து வைத்திருக்க முடியாது. தாங்காத பங்கு சிக்மா, மியூ என்ற வேறு படிகங்களாகப் பிரிந்து ஊசியாகிறது.

இது புதிய அறிவும் அல்ல. 1964-இல் போஷ், ஸ்லேனி இருவரும் எலக்ட்ரான் வெற்றிட எண்ணை (ஒரு தனிமத்தின் அணுவில் எத்தனை எலக்ட்ரான் இடங்கள் காலி என்பதற்கான எண்) வைத்துச் சிக்மாவை முன்கூட்டியே கணிக்கும் வழியை வெளியிட்டார்கள். 1966-இல் வுட்யாட், சிம்ஸ், பீட்டி மூவரும் அதை ஃபேகாம்ப் என்ற முறையாக விரித்தார்கள். அந்த எண் நிக்கலுக்கு 0.66, குரோமியத்துக்கு 4.66, சராசரி 2.5-ஐ நெருங்கினால் ஆபத்து. எண்கள் தோராயமானவைதான், பல கலவைகளில் அவை பொய்த்தும் இருக்கின்றன. ஆனால் கார்பைடையும் (கார்பனோடு சேர்ந்த உலோகத் துகள்கள்) காமா பிரைமையும் கழித்த பிறகு எஞ்சும் காமாவுக்கு மட்டும் சராசரி எடுக்க வேண்டும் என்றார்களே, அந்தக் கழித்தலுக்கு இன்றும் மதிப்புக் குறையவில்லை.

இன்னொன்றையும் கவனித்தாயா? உன் ஊசிகள் எங்கும் பரவி இல்லை. சிலுவை வடிவ டென்ட்ரைட்டுகளின், அதாவது உலோகம் உறையும்போது மரம் போலக் கிளைவிட்டு வளரும் படிகங்களின், நடுத்தண்டில் குவிந்து கிடக்கின்றன. கிளைகளுக்கு இடையே ஒன்றுகூட இல்லை. வார்க்கும்போது முதலில் உறைவது அந்தத் தண்டு. ரீனியமும் டங்ஸ்டனும் அங்கேயே மாட்டிக்கொள்கின்றன. நிக்கலுக்குள் மிக மெதுவாக நகரும் அணுக்களில் ரீனியமும் ஒன்று என்பதால், வார்த்த பிறகு தனிமங்களைச் சீராகப் பரப்பக் கொடுக்கும் 1300 டிகிரியை ஒட்டிய கரைசல் சூட்டிலும் அது முழுமையாகப் பரவுவதில்லை. ஆகவே என் 6% கணக்கும் ஒரு சராசரிதான். தண்டில் உண்மை அதற்கும் மேலே இருக்கும்.

ஊசிகள் சதுரங்களின் விளிம்புக்கு 45 டிகிரி சாய்ந்து, ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டுவதையும் பார். அவை ஊசிகளே அல்ல, தகடுகள். படிகத்தின் எட்டு முகத் தளங்களில் (கனசதுரத்தின் மூலைகளைச் சாய்வாக வெட்டும் தளங்கள்) வளரும் தகடுகளை நீ குறுக்கே வெட்டிப் பார்த்திருக்கிறாய். ஒவ்வொன்றையும் சுற்றிக் காமா பிரைம் உறை போலப் படிந்திருக்கிறது. பக்கத்துக் காமாவிலிருந்த ரீனியத்தையும் குரோமியத்தையும் தகடு உறிஞ்சிவிட்டதற்கு அதுவே சாட்சி. தகடு உடையக்கூடியது என்று பாடப்புத்தகங்கள் பயமுறுத்தும். என் அனுபவத்தில் பெரிய இழப்பு இந்த வறட்சிதான்: மெல்ல நீளாமல் தடுக்க வேண்டிய அணுக்கள் தகட்டுக்குள் முடங்கிப்போகின்றன.

குரோமியத்தைக் குறைக்கலாமா என்று கேட்டிருந்தாய். குறைத்துத்தான் வந்திருக்கிறார்கள், பழைய நிக்கல் கலவையான நிமோனிக் 80ஏ-யில் 20% அளவில் இருந்தது, பிற்கால ஒற்றைப் படிகக் கலவையான சிஎம்எஸ்எக்ஸ்-4-இல் 6.5%. ஆனால் சூடான அரிப்பைத் தாங்குவது குரோமியம். அதைத் தொடுவதற்கு முன் கரைசல் சூட்டின் நேரத்தை நீட்டிப் பார்க்கச் சொல்வேன். ருத்தேனியம் சேர்த்தால் தகடுகள் தள்ளிப்போகும், ஆனால் மிக விலை உயர்ந்தது.

நாளை நுண்ணோக்கியில் உட்காரும்போது இரண்டு இடங்களில் மட்டும் அளந்து அனுப்பு: தண்டின் நடுவில் ஒன்று, கிளைகளுக்கு இடையில் ஒன்று. தகடுகளிலிருந்து விலகிய இடமாகப் பார்த்துக்கொள். ரீனியம், டங்ஸ்டன், குரோமியம் மூன்றும் போதும். கழித்தல் கணக்கைச் சேர்ந்தே போடுவோம்.

அன்புடன்,
அக்கா