கால்வொர்க்ஸ் குடும்பங்களுக்குக் குழந்தைப் பராமரிப்பு உதவி

வணக்கம். கலிஃபோர்னியாவில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான கால்வொர்க்ஸ் (CalWORKs) ரொக்க உதவி பெறும் பெற்றோர் இதைத் தயவுசெய்து முழுதும் படியுங்கள். தெரிந்தவர்களுக்கும் அனுப்புங்கள்.

வேலைக்கோ, வகுப்புக்கோ, பயிற்சிக்கோ போகும் நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செலவை அரசே கொடுக்கும். இந்த உதவி கட்டம் கட்டமாகக் கிடைக்கும்; முதல் கட்டத்தைக் கவுண்டி அலுவலகம் நடத்துகிறது. 2019 அக்டோபர் முதல் இந்தக் கட்டத்தில் பராமரிப்புக்கான அனுமதி குறைந்தது 12 மாதங்களுக்கு, முழுநேரமாக. பாதி நேரம் போதும் என்று நீங்களாகக் கேட்டால்தான் குறையும். அதனால் இடையில் வேலை மாறிவிட்டதே என்று பயந்து நீங்களே நிறுத்திவிடாதீர்கள்.

13 வயது ஆகாத பிள்ளைகளுக்கு இது உண்டு. சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளுக்கு அதற்குப் பிறகும் கிடைக்கும்.

பலரும் கேட்பது: பாட்டி பார்த்துக்கொண்டால் பணம் வருமா? வரும். பிள்ளையின் தாத்தா, பாட்டி, அத்தை, சித்தி, மாமா ஆகியோருக்கு டிரஸ்ட்லைன் (உரிமம் இல்லாத பராமரிப்பாளர்களுக்கான மாநிலப் பதிவேடு) பின்னணிச் சோதனை தேவையில்லை. உரிமம் இல்லாத மற்றவர்கள், பக்கத்து வீட்டு அக்காவாக இருந்தாலும், அதில் பதிய வேண்டும். கைரேகையும் கொடுக்க வேண்டும்.

அப்புறம், சம்பளம் உயர்ந்து ரொக்க உதவி நின்றுபோனாலும் பராமரிப்பு உதவி உடனே போய்விடாது. வருமான வரம்புக்குள் இருந்தால் இரண்டாம் கட்டத்தில் 24 மாதங்கள் வரை தொடரலாம். பலர் இது தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். அதுதான் பெரிய வருத்தம்.

ஒற்றைப் பெற்றோருக்கு ஒன்று: 6 வயதுக்குள் குழந்தை இருந்து, பொருத்தமான பராமரிப்பு கிடைக்காததால் வேலைக்குப் போக முடியவில்லை என்றால், அதற்காக ரொக்க உதவியைக் குறைக்கக் கூடாது என்று மத்தியச் சட்டமே சொல்கிறது. காரணத்தை எழுத்தில் கொடுங்கள். நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.