61 நாள் கரையில் இருப்பவர்களுக்காக ஒரு கோரிக்கை

இராமேஸ்வரம் தீவின் விசைப்படகுச் சங்க நிர்வாகிகளுக்கும் ஊர்க் கமிட்டிப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

பங்குனி பிறந்துவிட்டது. இன்னும் சில நாட்களில் மீன்பிடித் தடைக்காலக் கூட்டம் கூட்டுவீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. படகை எங்கே கரையேற்றுவது, மராமத்துக்கு யாரிடம் கடன் கேட்பது, நிவாரணப் பணம் எப்போது வரும் என்றெல்லாம் பேசுவீர்கள். பேசித்தான் ஆக வேண்டும். அந்தக் கூட்டத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் உட்காருவதில்லை. அதனால் என் கோரிக்கையை எழுத்தில் வைக்கிறேன்.

என் கணவர் 19 ஆண்டுகளாக விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். நான் தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்றுப் பண்ணையில் பதியன் போடுகிறேன். தடைக்காலம் ஒரு வீட்டை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். முதல் பத்து நாள் நன்றாகவே போகும். பெயின்ட் அடிப்பார்கள், பலகை மாற்றுவார்கள், வலை பொத்துவார்கள். பிறகு வேலை தீர்ந்துவிடும். திங்கள், புதன், சனி என்று அனுமதி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போய், மறுநாள் காலை கரை சேர்ந்து பழகிய உடம்பு அது. எப்போது எழுவது, எப்போது படுப்பது என்று தெரியாமல் தடுமாறும். பகலெல்லாம் தூக்கம், மாலையில் பூவரச மரத்தடியில் சீட்டு, இரவில் குடி. குழந்தை பக்கத்தில் வந்தாலே எரிச்சல்.

கையில் காசில்லை என்பது பாதிக் காரணம்தான். கடலில் கச்சான் என்ற மேல்காற்று திரும்புவதை யாரும் சொல்லாமலே அறிந்துகொள்கிறவர், வீட்டில் தன்னால் ஆவது ஒன்றுமில்லை என்று சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த முகத்தை மறுபடி பார்க்க எனக்கு மனமில்லை. உங்கள் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள், அவர்களும் இதையே சொல்வார்கள்.

சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் ஒரு சின்ன மாற்றம் நடந்தது. வில்லூண்டித் தீர்த்தத்தில் சுற்றிலும் உப்புக் கடல் இருக்க, நடுவில் அந்தக் கிணற்றில் மட்டும் எப்படி நல்ல தண்ணீர் ஊறுகிறது என்று விடுமுறையில் இருந்த மகள் கேட்டாள். வா, போய்ப் பார்ப்போம் என்று என் கணவர் அழைத்துப் போனார். மறுநாளும் போனார்கள். அதன்பிறகு காலைத் தேநீர் குடித்த டம்ளரைக் கீழே வைத்ததும் இருவரும் கிளம்புவது வழக்கமாகிவிட்டது. திரும்பும்போது தெருக்குழாயில் இரண்டு குடம் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவார். நான் பண்ணைக்குப் போகும் அவசரத்தில் அந்த இரண்டு குடம் எனக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்லி முடியாது. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றின் பெயர்களை மகள் ஒப்பிக்கத் தொடங்கினாள். இடையில் மூன்று நாள் அவருக்குக் காய்ச்சல். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். நான்காம் நாள் டம்ளரை வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.

இதை மகளின் பள்ளி ஆசிரியை ஒருவரிடம் சொன்னபோது, அவர் ஓர் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் 2009இல் வெளியிட்டது. 96 பேர், ஆளுக்கொரு சின்னப் பழக்கத்தைத் தேர்ந்துகொண்டு, காலை உணவுக்குப் பின் என்பதுபோல நாள்தோறும் நடக்கும் ஒன்றோடு சேர்த்துச் செய்திருக்கிறார்கள். அது யோசிக்காமலே செய்யும் பழக்கமாக மாற ஆன நாட்களின் சராசரி 66. சிலருக்கு 18 நாளே போதுமாம், சிலருக்கு 254 நாள்கூட ஆகுமாம். இடையில் ஒரு நாள் தவறினால் குடி முழுகிவிடாது என்றும் கண்டிருக்கிறார்கள்.

தடைக்காலம் 61 நாள். எனக்கு அந்தக் கணக்கைக் கேட்டதும் உடம்பு சிலிர்த்தது.

நம் தீவுக்கு இது புதிதும் இல்லை. அப்துல் கலாமின் தந்தை ஜைனுலாப்தீன், படகு கட்டியவர், தினமும் விடியுமுன் 4 மணிக்குத் தொழுதுவிட்டு நான்கு மைல் தொலைவிலிருந்த தென்னந்தோப்புக்கு நடந்துபோய், ஒரு டஜன் தேங்காய்களைத் தோளில் சுமந்து வந்த பிறகுதான் காலை உணவு உண்பாராம். அறுபது வயதைக் கடந்தும் அதை விடவில்லை என்று கலாமே எழுதியிருக்கிறார். அவர் வெறுங்கையோடு வீடு திரும்பியதில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

என் கோரிக்கை பெரியதில்லை. கூட்டத்தில் ஒரு பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். வீட்டுக்கு வீடு ஒரு சின்னப் பழக்கம், தினமும் தவறாமல் நடக்கும் ஏதோவொன்றோடு முடிச்சுப் போட்டு, ஏப்ரல் 15 அன்றே தொடங்கச் சொல்லுங்கள். பெண்களின் தலையில் இன்னொரு வேலையாக அது விழக்கூடாது. முடிந்தால் எங்கள் வேலையில் ஒன்றைக் குறைக்கட்டும். வலை பொத்தும் கொட்டகையை மாலையில் ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். அந்த நேரத்தில் சீட்டும் செல்போனும் வேண்டாம். பிள்ளைகள் முடிச்சுப் போடக் கற்கட்டும், பெரியவர்கள் கடல் கதை சொல்லட்டும். தவறினவர்களுக்குத் தயவுசெய்து தண்டம் போடாதீர்கள். தண்டம் போட்டால் மறுநாள் யாரும் வரமாட்டார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும். மனம் உண்மையிலேயே நோய்ப்பட்டவருக்கு நடையும் பேச்சும் மட்டும் போதாது. நம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்டில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் மாண்டார்கள். மருத்துவம் வேண்டியவர்களை வெட்கப்பட்டு மறைத்துவைக்கும் ஊராக நாம் இருக்க வேண்டாம். 14416 என்ற எண்ணுக்கு அழைத்தால் டெலிமானஸ் என்ற அரசின் மனநல உதவி மையத்தில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அந்த எண்ணை ஏலக்கூடச் சுவரில் பெரிதாக எழுதிவையுங்கள்.

ஜூன் 15 அன்று படகுகள் மறுபடி புறப்படும். அந்த அவசரத்தில்தான் எல்லாம் விட்டுப்போகும். காலைத் தேநீர் நேரமே மாறிவிடுகிறதே! எங்கள் வீட்டிலும் விட்டுப்போக இருந்தது. பள்ளி திறந்துவிட்டதால் தப்பித்தோம். கடலிலிருந்து திரும்பும் செவ்வாய், வியாழக்கிழமைகளில் மீன் விற்ற பணத்தில் பங்கு பிரித்ததும் என் கணவர் நேராக வீட்டுக்கு வந்து, மகளின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளி வாசல் வரை நடக்கிறார். ஆகவே படகு உரிமையாளர்களான அண்ணன்மாரை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தக் காலைகளில் பங்கைச் சீக்கிரம் பிரித்து அனுப்பிவிடுங்கள். மணி அடிப்பதற்குள் அவர்கள் போய்ச் சேர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்திலிருந்து ஒரு விசைப்படகுத் தொழிலாளியின் மனைவி