படை விலகியதால் ஐ.எஸ். வளர்ந்தது என்று எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்களின் வெளிநாட்டுச் செய்திப் பக்கங்களைக் கவனிக்கும் ஆசிரியர்களுக்கும், தொலைக்காட்சியில் உலக நடப்பை விளக்கும் கட்டுரையாளர்களுக்கும் வணக்கம்.

ஈராக்கில் அமெரிக்கத் தலைமையிலான கூட்டணியின் படைப் பணியை 12 மாதங்களுக்குள் முடித்துக்கொள்வதாக 2024 செப்டம்பரில் வாஷிங்டனும் பாக்தாத்தும் கூட்டாக அறிவித்தன. அதுமுதல் பழைய வாக்கியம் ஒன்று மறுபடியும் தலைகாட்டுகிறது: 2011-இல் அமெரிக்கப் படை ஈராக்கை விட்டுப் போனது, அதனால்தான் ஐ.எஸ். (இஸ்லாமிய அரசு) என்னும் தீவிரவாத அமைப்பு வளர்ந்தது, இம்முறை போனாலும் அதுவே நடக்கும் என்பது அந்த வாக்கியம். 2003 முதல் ஈராக் செய்திகளைத் தவறாமல் கத்தரித்து வைத்துவரும் வாசகன் என்ற உரிமையில் இதை மறுத்து எழுதுகிறேன்.

2011 டிசம்பர் 18 அதிகாலையில், நூற்றுக்கும் மேற்பட்ட வாகனங்களும் ஏறத்தாழ 500 வீரர்களும் கொண்ட கடைசி அணி தெற்கு ஈராக்கின் பாலைவன நெடுஞ்சாலை வழியே குவைத்துக்குள் நுழைந்தது. அதன்பின் எல்லை வாயிற்கதவு இழுத்துச் சாத்தப்பட்டது. 2014 ஜூன் 10 அன்று வடக்கு ஈராக்கின் மோசூல் நகரம் ஐ.எஸ். வசம் விழுந்தது. இவ்விரு நாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் முன்னது காரணம், பின்னது விளைவு என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக ஒரு நாட்டின் பேரழிவை விளக்கிவிட முடியாது. பழம் எப்போது, யாரால் கனிந்தது என்று பார்க்க வேண்டும்.

அதற்கு 2003 மே மாதத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் தலைவராக பாக்தாத்துக்கு வந்த பால் பிரெமர் மே 16 அன்று வெளியிட்ட முதல் ஆணை, அதுவரை ஆண்ட சதாம் உசேனின் பாத் கட்சியின் மேல்நிலை உறுப்பினர்களை அரசுப் பணிகளிலிருந்து நீக்கியது. மே 23 அன்று வந்த இரண்டாம் ஆணை ஈராக் ராணுவத்தையே கலைத்தது. ஆயுதம் ஏந்தவும், ஆள் திரட்டவும், உளவு பார்க்கவும் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கானோர் ஒரே வாரத்தில் வேலையும் மரியாதையும் இழந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். சதாம் உசேனின் வான்பாதுகாப்புப் படை உளவுப் பிரிவில் கர்னலாக இருந்து, அன்று தெருவுக்கு வந்தவர்களில் ஒருவர்தான் பின்னாளில் ஹாஜி பக்கர் என்ற பெயரில் ஐ.எஸ். அமைப்பின் கட்டுமானத்தை வரைந்து கொடுத்தார். அவரைப் போன்றவர்களின் தொழில்திறன் இல்லாமல், தற்கொலைத் தாக்குதல் நடத்தும் ஒரு குழு நகரங்களை நிர்வகிக்கும் அமைப்பாக மாறியிருக்காது என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்று, பஸ்ராவுக்குத் தெற்கே உம் கஸர் அருகில் அமெரிக்கப் படை நடத்திய புக்கா தடுப்பு முகாம். உச்சக் கட்டத்தில் 20,000-க்கும் மேற்பட்டோர் அங்கே அடைக்கப்பட்டிருந்தார்கள். 2004 பிப்ரவரியில் ஃபலூஜாவில் பிடிபட்டு, அந்த ஆண்டு டிசம்பரில் விடுவிக்கப்பட்ட, பின்னாளில் ஐ.எஸ். தலைவரான அபுபக்கர் அல் பாக்தாதியும் அங்கே இருந்தவர்தான். கைதிகள் ஒருவர் தொலைபேசி எண்ணையும் ஊரையும் மற்றவர் தம் உள்ளாடையின் எலாஸ்டிக் பட்டையில் எழுதிக்கொண்டார்கள் என்றும், விடுதலையான பின் அந்தத் துணியை வெட்டி எடுத்து, அதிலிருந்த எண்களை ஒவ்வொன்றாக அழைத்தார்கள் என்றும், அந்த அமைப்பில் மூத்த நிலைக்கு உயர்ந்த ஒருவர் 2014-இல் பிரிட்டிஷ் நாளிதழ் ஒன்றிடம் விவரித்தார். சிதறிக் கிடந்தவர்களை ஒரே வேலிக்குள் கூட்டி, பழகவிட்டு, தொடர்பு எண்களோடு வெளியே அனுப்பியது ஆக்கிரமிப்புப் படை. விலகலுக்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பு நடந்த இதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

அமெரிக்க உளவு அமைப்புகள் 16-உம் சேர்ந்து 2006 ஏப்ரலில் தயாரித்த மதிப்பீட்டின் சில பகுதிகள் அந்த ஆண்டு செப்டம்பரில் வெளியிடப்பட்டன. ஈராக் போர் ஜிகாதி இயக்கத்துக்கு உலகெங்கும் ஆதரவாளர்களைச் சேர்த்துக்கொடுக்கிறது என்று அதில் அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஈராக்கில் தாங்கள் வென்றுவிட்டதாக ஜிகாதிகள் கருதினால் அது மேலும் பலரைப் போராட ஈர்க்கும் என்றும் அதே மதிப்பீடு சொன்னது என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆயினும் படை இருந்தபோதே, அது இருந்ததாலேயே ஆள் சேர்ந்தது என்ற முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் நாம் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறோம்.

படை இருந்த காலத்தில் வன்முறை குறையவில்லையா என்று கேட்பீர்கள். குறைந்தது. 2007-இல் ஏறத்தாழ 30,000 கூடுதல் வீரர்கள் அனுப்பப்பட்டதை மட்டும் அதற்குக் காரணமாகச் சொல்வது வழக்கம். ஆனால் அதற்கு முன்பே, 2006 செப்டம்பரில், அன்பார் மாகாணத்தின் சன்னி இனக்குழுத் தலைவர்கள் அப்துல் சத்தார் அபு ரிஷாவின் தலைமையில், ஐ.எஸ். அமைப்பின் முன்னோடியான ஈராக் அல் காய்தாவுக்கு எதிராகத் திரும்பிவிட்டார்கள். தங்கள் தெருவில் தங்கள் பிள்ளைகளையே கொன்றவர்களை அவர்கள் வெறுத்தார்கள். பின்னர் 'ஈராக்கின் மைந்தர்கள்' என்ற பெயரில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர், மாதம் 300 டாலர் அளவிலான ஊதியத்தில் சோதனைச் சாவடிகளில் நின்றார்கள். அல் காய்தாவை முறித்தவர்கள் பெரும்பங்கும் இந்த உள்ளூர்க்காரர்களே. ஐந்தில் ஒருவருக்குப் பாதுகாப்புப் படையில் இடமும் மற்றவர்களுக்கு அரசுப் பணியும் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுக்கப்பட்டது. 2008 அக்டோபரில் அவர்களின் பொறுப்பு பாக்தாத் அரசுக்குக் கைமாறத் தொடங்கியது. வாக்கு பெருமளவு காற்றோடு போனது. அமெரிக்க வீரர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் அங்கே இருந்தபோதே தொடங்கிய துரோகம் இது.

அணைந்தது போலத் தெரிந்தது நீறு பூத்த நெருப்பாகவே இருந்தது. அதை ஊதிவிட்டவர் ஷியா பிரிவைச் சேர்ந்த பிரதமர் நூரி அல் மாலிகி. கடைசி அணி எல்லை கடந்த மறுநாளே, நாட்டின் சன்னி துணை அதிபர் தாரிக் அல் ஹாஷிமிக்குக் கைது ஆணை வந்தது. ஓராண்டு கழித்து சன்னி நிதி அமைச்சரின் மெய்க்காவலர்கள் கைதானபோது அன்பாரில் வெடித்த அமைதிப் போராட்டம் மாதக்கணக்கில் நீடித்தது. 2013 ஏப்ரலில் ஹவீஜாவில் போராட்டக்காரர்கள் மீது படை ஏவப்பட்டதில் பலர் செத்தார்கள். எல்லைக்கு அப்பால் சிரியப் போர், ஹாஜி பக்கர் போன்றோருக்குத் தளமும் ஆயுதமும் தந்தது. மோசூலில் ஏட்டளவில் ஈராக் ராணுவத்தினர் பல்லாயிரம் பேர் இருந்தும், அந்த எண்ணிக்கையில் சிறு பங்கே இருந்த ஐ.எஸ். ஆட்களின் முன், சீருடையைத் தெருவிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வீரர்கள் ஓடினார்கள். நான்கு டிவிஷன்களில் மட்டும் 50,000 பேர் பெயருக்கு மட்டுமே சம்பளப் பட்டியலில் இருந்ததாக 2014-இன் இறுதியில் புதிய பிரதமர் ஹைதர் அல் அபாதி நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். இந்த ராணுவத்தை எட்டு ஆண்டுகள் உடனிருந்து, 2,000 கோடி டாலருக்கு மேல் செலவழித்து உருவாக்கியது, விலகிப்போன அதே படைதான். இன்னும் ஐந்தாண்டு இருந்திருந்தால் அது வேறுவிதமாக ஆகியிருக்கும் என்று நம்ப எனக்கு ஆதாரம் எதுவும் தெரியவில்லை.

விலகலால் இழப்பே இல்லை என்று நான் வாதிடவில்லை. வான்வழிக் கண்காணிப்பும், உளவுத் தகவலும், மாலிகியைக் கொஞ்சமாவது தடுத்து நிறுத்திய ஒரு கையும் இல்லாமல் போயின. 2013 ஜூலையில் அபு கரீப் சிறை உடைக்கப்பட்டு நூற்றுக்கணக்கானோர் தப்பியதில் அந்தக் குறை தெரிந்தது. ஆப்கானிஸ்தானிலிருந்து அமெரிக்கப் படை விலகியபோது காபூல் 2021 ஆகஸ்ட் 15 அன்று தாலிபான்களிடம் விழுந்ததையும், அடுத்த ஆண்டே அல் காய்தா தலைவர் அய்மன் அல் ஜவாஹிரி அந்நகரின் நடுவில் ஒரு வீட்டில் கொல்லப்பட்டதையும் நீங்கள் எடுத்துக்காட்டலாம். ஆயினும் 2001-இல் சிதறிப்போன தாலிபான்கள் மீண்டும் மாவட்டம் மாவட்டமாகப் பரவியது, அங்கே அந்நியப் படை இருந்த ஆண்டுகளில்தான் என்பதையும் அதே கட்டுரையில் எழுதுங்கள்.

இது நமக்குத் தொலைவான விவகாரம் அல்ல. 2014-இல் மோசூலில் கடத்தப்பட்ட 39 இந்தியத் தொழிலாளர்கள் கொல்லப்பட்டதை நம் நாடாளுமன்றம் 2018 மார்ச்சில்தான் உறுதியாக அறிந்தது. அந்த நான்கு ஆண்டுகளும் அவர்களின் வீட்டார் காத்திருந்தார்கள். திக்ரித் மருத்துவமனையில் சிக்கிய 46 செவிலியர்கள் 2014 ஜூலை 5 அன்று கொச்சியில் வந்திறங்கிய படத்தை உங்களில் பலர் முதல் பக்கத்தில் வெளியிட்டீர்கள். அந்தக் குடும்பங்களுக்கு, இது ஏன் நடந்தது என்பதற்கு முழுமையான விடை சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் இது. ஈராக்கிலிருந்து படை வெளியேறுவது பற்றி அடுத்த முறை எழுதும்போது, காலவரிசையை 2011-இல் தொடங்காமல் 2003 மே மாதத்திலிருந்து தொடங்குங்கள். எத்தனை வீரர்கள் போகிறார்கள் என்பதோடு நிறுத்தாமல், அவர்கள் விட்டுச்செல்லும் அரசு அன்பாரிலும், மோசூல் இருக்கும் நினிவே மாகாணத்திலும் மக்களை எப்படி நடத்துகிறது, யாருக்குச் சம்பளம் போகிறது, விசாரணையின்றி யார் சிறையில் கிடக்கிறார்கள் என்று விசாரியுங்கள். வாஷிங்டன் நிபுணர் ஒருவரின் கருத்தை மொழிபெயர்க்கும் இடத்தில், மோசூல்காரர் ஒருவரின் வார்த்தைக்கும் இடம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்